சி கம்பைலரின் எரர்களும் டைப் சோதனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி கற்றுக்கொள்பவர்களும், பழைய நிரல்களைப் புதிய கம்பைலருக்கு மாற்றுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். லினக்ஸில் பரவலாகப் புழங்கும் ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களையும் மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. டபிள்யூ-ஆல் போன்ற ஆப்ஷன்களை உள்ளிடும்போது முன்னால் ஒரு சிறு கோடு சேர்த்துக்கொள்ளுங்கள் (-Wall என்பதுபோல).

எரருக்கும் வார்னிங்குக்கும் என்ன வித்தியாசம்? வார்னிங் மட்டும் வந்தா விட்டுடலாமா?

எரர் வந்தால் ஆப்ஜெக்ட் ஃபைல் (கம்பைலர் தரும் இயந்திர மொழி ஃபைல்) உருவாகாது. வார்னிங் வந்தால் உருவாகும். வித்தியாசம் அவ்வளவுதான். எது எரர், எது வார்னிங் என்று பிரிப்பது பெரும்பாலும் கம்பைலரை எழுதியவர்களின் முடிவு. மொழியின் அதிகாரபூர்வ விதிநூலான சி ஸ்டாண்டர்டு அப்படிப் பிரிக்கவில்லை. இலக்கணத்தையோ, கட்டாய விதிகளையோ மீறினால் கம்பைலர் ஒரு செய்தியாவது தர வேண்டும் என்று மட்டும் அது சொல்கிறது. செய்தியைத் தந்துவிட்டுக் கம்பைல் செய்து முடிப்பதற்கும் தடை இல்லை.

அதனால் வார்னிங் என்றால் சின்னத் தப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு இன்ட் (முழு எண்) மதிப்பை, நினைவக முகவரியை வைக்கும் பாயின்டரில் நேராக வைப்பது ஸ்டாண்டர்டின்படி அப்பட்டமான மீறல். ஆனாலும் ஜிசிசி பல ஆண்டுகளாக அதற்கு வார்னிங் மட்டுமே கொடுத்து வந்தது. ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

ஒரே ஒரு செமிகோலன்தான் விட்டேன். எதுக்கு இருபது எரர் காட்டுது?

முதல் தப்பைப் பார்த்ததும் கம்பைலர் நின்றுவிடுவதில்லை. ஒரே ஓட்டத்தில் முடிந்தவரை எல்லாத் தப்புகளையும் சொல்லப் பார்க்கிறது. அதற்கு அது நடுவில் எங்கேயோ மறுபடி காலூன்ற வேண்டும். பொதுவாக அடுத்த செமிகோலன் அல்லது மூடும் அடைப்பு வரை தாண்டிப்போய் அங்கிருந்து தொடரும். அந்த ஊகம் தவறினால், சரியாக எழுதிய வரிகளும் தப்பாகத் தெரியும். எனவே முதல் எரரை மட்டும் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

சி மொழியில் இது இன்னும் மோசமாவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. `அ * ஆ;` என்ற வரியைப் பாருங்கள். அ என்பது டைப் என்றால், இது ஆ என்ற பாயின்டரின் அறிவிப்பு. அ ஒரு வேரியபிள் என்றால், இது பெருக்கல். இரண்டில் எது என்று இலக்கணத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரு ஹெடரை (அறிவிப்புகள் உள்ள ஃபைலை) விட்டுவிட்டால் அதிலிருந்த டைப்டெஃப் பெயர்கள் (டைப்புக்கு வைத்த மாற்றுப் பெயர்கள்) எல்லாம் அறியாத பெயர்களாகி, அவற்றைத் தொட்ட ஒவ்வொரு வரியும் உடைகிறது.

நல்ல கம்பைலர்கள் இந்தப் பெருக்கத்தை அடக்க ஒரு வழி வைத்திருக்கின்றன. தப்பான கோவைக்கு (எக்ஸ்பிரஷனுக்கு) "பிழை" என்ற சிறப்பு டைப் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். ஜிசிசியின் உள்ளே அதன் பெயர் எரர் மார்க் நோட். அது கலந்த எந்தக் கணக்கைப் பற்றியும் பிறகு வாய் திறக்கக் கூடாது என்பது விதி. அறிவிக்காத வேரியபிளை ஒரே ஃபங்ஷனில் பத்து இடத்தில் பயன்படுத்தினாலும், ஜிசிசி முதல் இடத்தில் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவதும் இதே அக்கறையால்தான்.

தப்பு பத்தாவது வரியில. ஆனா பதினோராவது வரியைக் காட்டுதே?

சி கம்பைலருக்கு வரி முறிவும் வெற்றிடமும் ஒன்றுதான். பத்தாவது வரியின் முடிவில் செமிகோலன் இல்லை என்பது, அடுத்து வரும் சொல்லைப் படித்த பிறகுதான் அதற்குத் தெரியும். பழைய கம்பைலர்கள் அப்படித் தெரிந்த இடத்தையே காட்டின. ஜிசிசி 8-இலிருந்து முந்தைய சொல்லின் முடிவைச் சுட்டிக்காட்டி, இங்கே செமிகோலன் வேண்டும் என்று சொல்கிறது.

உங்கள் ஃபைலின் முதல் வரியிலேயே புரியாத எரர் வந்தால், அதற்குச் சற்று முன் சேர்த்த உங்கள் சொந்த ஹெடரின் கடைசி வரியைப் பாருங்கள். ஸ்ட்ரக்டை மூடிய அடைப்புக்குப் பிறகு செமிகோலன் விடுபட்டிருக்கும்.

"இதைத்தான் சொல்ல வந்தீர்களா"ன்னு சரியான பேரைக் காட்டுதே, எப்படி?

நீங்கள் எழுதிய பெயரை, அந்த இடத்தில் செல்லுபடியாகும் பெயர்களோடு ஒப்பிடுகிறது. ஓர் எழுத்தைச் சேர்ப்பது, நீக்குவது, மாற்றுவது, அடுத்தடுத்த இரண்டை இடம் மாற்றுவது என்று எத்தனை திருத்தத்தில் ஒன்று மற்றொன்றாகும் என எண்ணி, மிக நெருங்கியதைக் காட்டும். பெயரின் நீளத்தோடு ஒப்பிடும்போது தூரம் அதிகமென்றால் பேசாமல் இருந்துவிடும். தப்பான யோசனை, யோசனையே இல்லாததைவிட அதிகக் குழப்பம் தரும் என்பதால் அந்த எல்லை அவசியம்.

தப்பான இடத்தின் கீழே அம்புக்குறி போட்டுக் காட்டுவது கிளாங் பிரபலப்படுத்திய வழக்கம். ஜிசிசியில் அது 2013-இல் வந்த 4.8 பதிப்பில் சேர்ந்தது. திருத்தத்தையும் சேர்த்துக் காட்டுவது 2016-இல் 6-ஆம் பதிப்பிலிருந்து. ரெட் ஹேட்டில் பணியாற்றும் டேவிட் மால்கம் இதில் பெரும்பங்கு செய்தவர். இரண்டு கம்பைலர்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று மேம்பட்ட அந்தக் காலம் சி எழுதுபவர்களுக்கு உண்மையிலேயே நல்ல காலம்.

டபிள்யூ-ஆல் போட்டுட்டேன். எல்லா வார்னிங்கும் வந்துடும்தானே?

வராது. பரவலாகப் பயன்படக்கூடியவை, எளிதில் திருத்தக்கூடியவை என்று தேர்ந்த ஒரு தொகுப்பு மட்டுமே அது. டபிள்யூ-எக்ஸ்ட்ராவையும் சேர்த்தே போடுங்கள். அப்போதும் டபிள்யூ-கன்வர்ஷன் போன்ற பல தனியாகத்தான் நிற்கும்.

இந்த இடைவெளி என்ன செய்யும் என்பதற்கு 2014 பிப்ரவரியில் வெளிவந்த ஆப்பிள் பாதுகாப்புக் குறையைப் பார்க்கலாம். சர்வர் அனுப்பும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷனில் `கோட்டூ ஃபெயில்` (மீதியை விட்டு ஃபெயில் என்ற இடத்துக்குத் தாவு) என்ற வரி இரண்டு முறை வந்துவிட்டது. மேலே இருந்த இஃப்-க்கு அடைப்புகள் இல்லை. உள்தள்ளலைப் பார்த்தால் இரண்டாவது வரியும் இஃப்-க்குள் இருப்பதுபோல் தெரியும். உண்மையில் அது எப்போதும் ஓடும். அதனால் முக்கியமான கையொப்பச் சோதனை நடக்கவே இல்லை. எட்டவே முடியாத வரிகளைக் காட்டும் வார்னிங் கிளாங்கில் அப்போதே இருந்தது, ஆனால் டபிள்யூ-ஆல்-க்கு வெளியே. உள்தள்ளல் ஏமாற்றுகிறது என்று எச்சரிக்கும் சோதனை 2016-இல் ஜிசிசி 6-இன் டபிள்யூ-ஆல்-க்குள்ளேயே வந்தது.

சி மட்டும் ஏன் டைப் விஷயத்துல இவ்வளவு தளர்வா இருக்கு?

பிறந்த சூழல் அப்படி. பெல் லேப்ஸில் பிடிபி-11 போன்ற சிறிய நினைவகம் கொண்ட கணினிகளில் கம்பைலர் சிறிதாகவும் வேகமாகவும் இருக்க வேண்டியிருந்தது. கடுமையான சோதனைகளை லின்ட் என்ற தனிப் புரோகிராமில் வைத்தார்கள். ஸ்டீபன் ஜான்சன் 1970-களின் பிற்பகுதியில் எழுதியது அது. ஒருவர் லின்ட்டை ஓட்ட மறந்தால், சோதனையே நடக்கவில்லை என்று பொருள்.

ஃபங்ஷனின் அளவுருக்களுக்கு டைப் எழுதும் புரோட்டோடைப் முறையே 1989-இன் ஆன்சி ஸ்டாண்டர்டில்தான் சி மொழிக்கு வந்தது, அதுவும் சி++ மொழியிலிருந்து. அதற்கு முந்தைய நிரல்களும் ஓட வேண்டும் என்பதால் பழைய முறையையும் கூடவே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பழைய முறை அதிகாரபூர்வமாக நீங்கியது ஸ்டாண்டர்டின் சி23 பதிப்பில்.

போன வருஷம் வரைக்கும் கம்பைல் ஆச்சு. இப்போ "ஃபங்ஷனை அறிவிக்கல"ன்னு எரர் வருது. நான் எதையும் மாத்தலையே?

நீங்கள் மாற்றவில்லை, கம்பைலர் மாறியிருக்கிறது. முன்பு அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்தால், அது இன்ட் திருப்பித் தரும் என்று கம்பைலர் தானாகவே எடுத்துக்கொண்டது. இந்தச் சலுகையை 1999-இன் சி99 ஸ்டாண்டர்டே நீக்கிவிட்டது. கம்பைலர்கள் மட்டும் வார்னிங்கோடு அனுமதித்து வந்தன. 2023 மார்ச்சில் வந்த கிளாங் 16-உம், 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14-உம் இதை எரராக்கின.

இது வெறும் கண்டிப்பு அல்ல. பாயின்டரைத் திருப்பித் தரும் உங்கள் சொந்த ஃபங்ஷன் ஒன்றை அதன் ஹெடர் இல்லாமல் அழைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 64-பிட் கணினியில் அது தருவது 64-பிட் முகவரி. கம்பைலரோ 32-பிட் இன்ட் வருகிறது என்று நம்பி மேல் பாதியை வெட்டிவிடும். முகவரி தாழ்வான இடத்தில் அமைந்தால் புரோகிராம் ஓடும், உயரத்தில் அமைந்தால் விழும். சோதனைக் கணினியில் ஓடி, வாடிக்கையாளரிடம் விழும் வகை இது. இதைத் தேடிக் கண்டுபிடிக்கும் துன்பத்தோடு ஒப்பிட்டால் ஓர் எரர் பெரிய உதவி.

ஜிசிசி 14 இதோடு வேறு சிலவற்றையும் எரராக்கியது: டைப் எழுதாமல் விட்டால் இன்ட் என்று எடுத்துக்கொள்வது, இன்ட்டும் பாயின்டரும் ஒன்றுக்கொன்று சத்தமில்லாமல் மாறுவது, பொருந்தாத பாயின்டர் டைப்கள், வாய்ட் ஃபங்ஷனில் மதிப்பைத் திருப்புவது போன்றவை.

1999-லயே நீக்கிட்டாங்கன்னா, இத்தனை வருஷம் எதுக்குக் காத்திருந்தாங்க?

உலகத்தில் இருக்கும் சி நிரலின் அளவுதான் முதல் காரணம். இரண்டாவது காரணம் நுட்பமானது. பல திட்டங்கள் கட்டமைக்கும் முன் கான்ஃபிகர் என்ற ஸ்கிரிப்டை ஓட்டும். அது சின்னச் சின்னச் சோதனை நிரல்களைக் கம்பைல் செய்து பார்த்து, இந்தக் கணினியில் இந்த வசதி உண்டா இல்லையா என்று முடிவு செய்யும். அந்தச் சோதனை நிரல்கள் பலவற்றில் எக்ஸிட் ஃபங்ஷனுக்கு உரிய ஹெடர்கூட இருக்காது.

கம்பைலர் கண்டிப்பானதும் அந்தச் சோதனை தோற்கும். கான்ஃபிகர் அதைத் தன் தவறாக எண்ணாது. வசதியே இல்லை என்று குறித்துக்கொள்ளும். பிறகு எல்லாம் எரரே இல்லாமல் கம்பைல் ஆகும், ஆனால் ஒரு வசதி காணாமல் போயிருக்கும். ஃபெடோரா, ஜென்டூ என்ற லினக்ஸ் வெளியீடுகளின் குழுக்கள் ஆயிரக்கணக்கான தொகுப்புகளை முன்கூட்டியே ஆராய்ந்து திருத்தங்களை அனுப்பியதால்தான் ஜிசிசி இந்த அடியை எடுத்து வைக்க முடிந்தது. யாருக்கும் வெளியே தெரியாத, பொறுமையான வேலை அது. அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

எங்ககிட்ட பெரிய பழைய நிரல் இருக்கு. இன்னைக்கே திருத்த முடியாது. என்ன வழி?

ஜிசிசி 14-இல் எஃப்-பெர்மிசிவ் கொடுத்தால் மேலே சொன்ன எரர்கள் மறுபடி வார்னிங் ஆகும். மொழிப் பதிப்பை ஜிஎன்யூ89 என்று வைத்தாலும் அப்படியே. இதை மொத்தத் திட்டத்துக்கும் போடாமல், தேவைப்படும் ஃபைல்களுக்கு மட்டும் போடுங்கள். புதிய ஃபைல்களாவது கண்டிப்புக்குள் இருக்கும்.

திருத்தும்போது முதலில் விடுபட்ட ஹெடர்களைச் சேருங்கள், பாதிக்கு மேல் அதிலேயே தீரும். அடுத்து உங்கள் சொந்த ஃபங்ஷன்களுக்கு புரோட்டோடைப். பொருந்தாத பாயின்டர்களைக் கடைசியாக, ஒவ்வொன்றாக உட்கார்ந்து பாருங்கள். உண்மையான பிழைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். கான்ஃபிகர் உருவாக்கும் ஹெடரை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட மறக்காதீர்கள். காரணம் முந்தைய பதிலில் உண்டு.

காஸ்ட் போட்டா வார்னிங் போயிடுது. அது தப்பா?

ஒரு மதிப்பை வேறு டைப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்லி, "எனக்குத் தெரியும், நீ பேசாதே" என்று கம்பைலரிடம் சொல்வதுதான் காஸ்ட். உண்மையிலேயே உங்களுக்குத் தெரிந்தால் சரி. வார்னிங்கை விரட்டுவதற்காகப் போட்டால், நாளை டைப் மாறும்போது வர வேண்டிய எரரையும் சேர்த்தே விரட்டிவிடுகிறீர்கள்.

நினைவகம் ஒதுக்கித் தரும் மாலாக்கின் விடைக்கு சி-யில் காஸ்ட் தேவையே இல்லை. வாய்ட் பாயின்டர் மற்ற ஆப்ஜெக்ட் பாயின்டர்களாகத் தானே மாறும். பழைய கம்பைலர்களில் அந்தக் காஸ்ட், ஹெடர் விடுபட்டதைக் காட்டும் வார்னிங்கை மறைத்து, மேலே சொன்ன முகவரி வெட்டுக்கே வழிவகுத்தது.

மைனஸ் ஒண்ணு, ஒண்ணைவிடப் பெரிசுன்னு சொல்லுது. கம்பைலர் பிழையா?

பிழை இல்லை, மொழியின் விதி. ஒரு பக்கம் இன்ட், மறுபக்கம் அன்சைன்ட் இன்ட் (குறை எண் இல்லாத இன்ட்) இருந்தால், இன்ட்டும் அன்சைன்டாக மாறும். 32 பிட்டில் −1 என்பது 4294967295 ஆகிவிடும். இதே காரணத்தால் இரண்டு ஸ்ட்ரிங் நீளங்களைக் கழித்து, விடை சுழியத்தைவிடப் பெரிதா என்று பார்ப்பதும் பயனற்றது. நீளங்கள் அன்சைன்ட் என்பதால் சமமாக இல்லாத எப்போதும் "ஆம்" என்றே வரும். கழிக்காமல் நேராக ஒப்பிடுங்கள்.

ஒப்பீட்டை எச்சரிக்கும் சைன்-கம்பேர், சி-யில் டபிள்யூ-எக்ஸ்ட்ராவில் இருக்கிறது. சி++-இல் டபிள்யூ-ஆல்-லேயே வரும். இரண்டையும் சேர்த்துப் போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கழித்தலை மட்டும் அதுவும் பிடிக்காது.

மீட்டருக்கும் அடிக்கும் தனித்தனி டைப்டெஃப் வெச்சேன். கலந்தாலும் எரர் வரலையே?

டைப்டெஃப் புதிய டைப்பை உருவாக்காது, இருக்கும் டைப்புக்கு இன்னொரு பெயர் வைக்கிறது. இரண்டும் டபுள்தான். கம்பைலர் காக்க வேண்டுமென்றால், ஒரே ஓர் உறுப்பு உள்ள ஸ்ட்ரக்ட் ஒன்றை மீட்டருக்கும் வேறொன்றை அடிக்கும் வையுங்கள். உறுப்புகள் ஒரேமாதிரி இருந்தாலும் பெயர் வேறான இரண்டு ஸ்ட்ரக்ட்கள் பொருந்தாத டைப்கள். கலந்தால் எரர் நிச்சயம். 64-பிட் லினக்ஸில் இப்படிப்பட்ட சிறிய ஸ்ட்ரக்ட் ரிஜிஸ்டரிலேயே போய்வரும், வேகம் குறையும் என்ற பயம் வேண்டாம்.

பிரிண்ட்எஃப்-ல தப்பான ஃபார்மேட் கொடுத்தா வார்னிங் வருது. என்னோட லாக் ஃபங்ஷன்ல வரலையே?

பிரிண்ட்எஃப் எப்படி வேலை செய்யும் என்று கம்பைலருக்கு முன்பே தெரியும். உங்கள் ஃபங்ஷனைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும். அறிவிப்பில் ஃபார்மேட் என்ற ஆட்ரிபியூட்டைச் சேர்த்து, எந்த அளவுரு ஃபார்மேட், எதிலிருந்து மதிப்புகள் தொடங்குகின்றன என்று எண் கொடுங்கள். ஒரு வரி வேலை. பழைய நிரல் ஒன்றில் இதைச் சேர்த்துக் கம்பைல் செய்து பாருங்கள், லாங் மதிப்புக்கு %டி எழுதிய இடங்கள் வரிசையாக வெளிவரும். 64-பிட் விண்டோஸில் லாங் 32 பிட், லினக்ஸில் 64 பிட் என்பதால் ஓரிடத்தில் ஓடி மறு இடத்தில் தப்பாகும் இடங்கள் அவை.

ஓ2 போட்டாதான் சில வார்னிங் வருது. ஆப்டிமைசேஷனுக்கும் வார்னிங்குக்கும் என்ன சம்பந்தம்?

ஓ2 என்பது நிரலை வேகமாக்கும் ஆப்டிமைசேஷனை இயக்கும் ஆப்ஷன், ஓ0 அதை அணைப்பது. ஒரு வேரியபிளுக்கு மதிப்பு வைக்காமலே படிக்கிறோமா என்று அறிய, நிரல் ஓடக்கூடிய பாதைகளை எல்லாம் தொடர வேண்டும். அந்த ஆய்வை ஜிசிசி ஆப்டிமைசேஷனுக்காகச் செய்யும்போதுதான், "மதிப்பு இல்லாமல் இருக்கலாம்" என்ற எச்சரிக்கையும் சரியாகக் கிடைக்கிறது. ஓ0-வில் அது வராது. தினசரி வேலை ஓ0-வில் நடந்தாலும், தானியங்கிச் சோதனையில் ஓ2-வும் ஒருமுறை ஓடட்டும். இதன் மறுபக்கம், கம்பைலர் பதிப்பு மாறினால் இந்த வகை வார்னிங்குகளும் மாறும், பொய் எச்சரிக்கைகளும் வரும்.

டபிள்யூ-எரர் எப்பவும் போடலாமா?

வார்னிங்குகளை எரராக்கும் ஆப்ஷன் இது. உங்கள் குழுவின் சோதனைக் கணினியில் போடுங்கள். வெளியிடும் மூலநிரலில் போடாதீர்கள். நாளைய கம்பைலர் புதிய வார்னிங் ஒன்றைச் சேர்க்கும், எங்கோ ஒருவருக்கு உங்கள் புரோகிராம் கம்பைலே ஆகாது.

ஜிசிசி 15-க்கு மாறினதும் "அளவுரு அதிகம்"னு எரர். அடைப்புக்குள்ள ஒண்ணுமே எழுதலையே?

அதுதான் காரணம். ஜிசிசி 15-இன் இயல்பான பதிப்பு சி23. முன்பு வெறும் `()` என்றால் அளவுருக்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம், இப்போது அளவுருவே கிடையாது என்று அர்த்தம். ஃபங்ஷன் பாயின்டர்களை இப்படி எழுதிய பழைய நிரல்கள் நிறைய. அளவுருக்களின் டைப்களை எழுதிவிடுங்கள். பூல் என்று சொந்த டைப்டெஃப் வைத்திருந்தாலும் உடையும், அது இப்போது மொழியின் சொல். அவசரத்துக்கு மொழிப் பதிப்பை ஜிஎன்யூ17 என்று வைக்கலாம்.

ஒரு வார்னிங்கும் இல்ல. ஆனா புரோகிராம் தப்பா ஓடுது. டைப் சோதனை எதுக்குத்தான்?

டைப் சரியாக இருப்பது தேவை, ஆனால் அது மட்டும் போதாது. ஓர் எழுத்தைப் படித்துத் தரும் கெட்சார் ஃபங்ஷனின் விடையை சார் வேரியபிளில் வைத்து, ஃபைல் முடிவா என்று பார்ப்பது நல்ல உதாரணம். மாற்றம் விதிப்படி சரி, எக்ஸ்86-இல் டபிள்யூ-ஆல் ஒன்றும் சொல்லாது. ஆனால் அங்கே 255 என்ற பைட் வந்தால் ஃபைல் முடிந்ததாக எண்ணிவிடும். ஆர்ம் லினக்ஸில் சார் அன்சைன்ட் என்பதால் முடிவே வராமல் சுற்றிக்கொண்டிருக்கும். விடையை இன்ட்டில் வையுங்கள்.

வரம்பு மீறிய அர்ரே, விடுவித்த நினைவகத்தைத் தொடுவது போன்றவற்றுக்குக் கம்பைலர் செய்தி தந்தாக வேண்டும் என்ற கட்டாயமே ஸ்டாண்டர்டில் இல்லை. அவற்றை ஓடும்போது பிடிக்க அட்ரஸ் சானிடைசர் இரண்டு கம்பைலர்களிலும் உண்டு. ஓட்டாமலே பாதைகளைத் தொடர்ந்து பார்க்க ஜிசிசி 10-இல் எஃப்-அனலைசர் வந்தது. எந்த வரியில் விடுவித்தீர்கள், எந்தக் கிளை வழியாக வந்து மறுபடி விடுவித்தீர்கள் என்று அது படிப்படியாகக் காட்டும்.

நானே ஒரு சின்ன சி கம்பைலர் எழுதறேன். எரர் மெசேஜ் நல்லா வர எங்க ஆரம்பிக்கணும்?

சொற்களைப் பிரிக்கும் கட்டத்தில். ஒவ்வொரு சொல்லோடும் ஃபைல், தொடக்கம், முடிவு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். மேக்ரோவிலிருந்து வந்ததென்றால், மேக்ரோவை எழுதிய இடம், பயன்படுத்திய இடம் இரண்டும் வேண்டும். இதைப் பிறகு சேர்ப்பது மிகவும் கடினம்.

டைப் சோதனையில், தானாக நடக்கும் மாற்றங்களையும், கம்பைலர் நிரலின் அமைப்பைக் காட்டக் கட்டும் மரத்தில் வெளிப்படையான முனைகளாக வையுங்கள். கிளாங் அப்படித்தான் செய்கிறது. இன்ட் எப்போது அன்சைன்ட் ஆனது என்பது மரத்திலேயே இருந்தால், வார்னிங் எழுதுவது சுலபம். டைப்டெஃப் பெயரைத் தூக்கி எறியாதீர்கள். செய்தியில் பயனர் எழுதிய பெயரும், அதன் அடியில் உள்ள டைப்பும் சேர்ந்து வர வேண்டும். தப்பான கோவைக்குப் பிழை டைப்பை முதல் நாளே வையுங்கள். செய்தி மூன்றைச் சொல்லட்டும்: எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன, அந்த எதிர்பார்ப்பு எந்த வரியின் அறிவிப்பிலிருந்து வந்தது. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், பயனருக்கு அதிகம் தேவைப்படுவதும் அதுதான்.

எரர்களுக்கும் டெஸ்ட் எழுதுங்கள். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் டெஸ்ட் ஃபைலின் கமெண்டிலேயே "இந்த வரியில் இந்தச் செய்தி வர வேண்டும்" என்று எழுதிவைக்கும் முறை உண்டு. வராவிட்டாலும் தோல்வி, எதிர்பாராத இன்னொன்று கூடுதலாக வந்தாலும் தோல்வி. இருபது எரர் பெருக்கத்தை உங்கள் கம்பைலரில் முதலில் பிடித்துக்கொடுப்பது அந்த இரண்டாவது விதியாக இருக்கும்.